கல்யாணத்துக்குக் கூட்டம் சேராமலிருக்க ஓர் எழுத்துரு

மண்டபம் சின்னது, சொந்தமோ பெரியது. பத்திரிகை வைக்காமல் விட்டால் பங்காளிகள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இந்த இக்கட்டுக்குக் கையெழுத்துப் பாணி ஆங்கில எழுத்துருவைவிடக் கௌரவமான வழி கிடையாது. அழைத்தாகிவிட்டது, எங்கே, எப்போது என்பதுதான் யாருக்கும் பிடிபடாது.

ஸாப்ஃபினோ உத்தமம். ஜெர்மானியர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944-ல், போர்க்காலத்தில், தன் நோட்டில் எழுதிப் பார்த்த எழுத்தழகு, 1998-ல் லைனோடைப் வெளியீடாக வந்தது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து வால் நீளும், சுருங்கும். ஆப்பிள் கணினியில் அதன் பெயரை அதிலேயே தட்டிப் பாருங்கள், ஏழு எழுத்தும் கைகோத்து ஒரே சித்திரமாகிவிடும். இத்தனை நுணுக்கமான பொருளை நாம் மண்டப முகவரிக்கும் பஸ் ரூட்டுக்கும் செலவழிக்கப் போகிறோம்.

அது கிடைக்காவிட்டால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். 17-ம் நூற்றாண்டு லண்டன் எழுத்தாசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையைப் பார்த்து மேத்யூ கார்ட்டர் 1960-களில் செய்தது. இதில் பெரிய எழுத்து சொல்லின் தலையில் மட்டும் நிற்க வேண்டியது. ஆகவே முழு முகவரியையும் பெரிய எழுத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். சுருளும் சுருளும் மோதிக்கொண்டு, தெருப் பெயர் இடியாப்பமாகிவிடும். சின்ன எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுப் போகும்படி வரைந்தவை. டிடிபி தம்பியிடம் ‘கொஞ்சம் இடைவெளி விடுப்பா’ என்றால் போதும், ஒவ்வொரு இணைப்பும் அறுந்து தொங்கும்.

அளவு எட்டுப் புள்ளிக்கு மேல் வேண்டாம். மெரூன் நிறச் சொரசொரப்புக் காகிதம், அதன்மேல் தங்க ஃபாயில். மேலேறும் மெல்லிய கோடுகள் அதில் ஒட்டாது; தடித்த இறக்கக் கோடுகள் மட்டும் வேலி போல நிற்கும். முகூர்த்த நேரத்தில் 1-ம் 7-ம் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். அதையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு கை மாற்றிவிட்டால், மிச்சமிருந்த கோடும் கரைந்தது.

தமிழ்ப் பக்கத்தில்தான் உஷார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ கூகுளில் இலவசமாகக் கிடைக்கிறது. சாய்வாக, கையால் எழுதினது போலவே இருக்கும். ஆனால் பாட்டிகூடப் படித்துவிடுவார். நமக்கு ஆகாது.

சில அச்சகக்காரர்கள் குறுக்கே வருவார்கள். ‘மாப்பிள்ளை பொண்ணு பேரை மட்டும் இதுல பெருசா, சுத்தி இடம் விட்டுப் போடலாம் சார், மத்ததெல்லாம் சாதா எழுத்துல’ என்பார்கள். தொழில் தெரிந்தவர் அப்படித்தான் சொல்வார். ஒப்புக்கொண்டால் பத்திரிகை பிரமாதமாக இருக்கும், மொத்த ஊரும் நேரத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்காரும். ப்ரூஃபில் கையெழுத்துப் போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையல்காரருக்கு மட்டும் தேதியையும் முகவரியையும் பால்பாயிண்ட் பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.