தேன் கணக்கு மாமா

கணக்கு மாமா காதில் விழும்படி "ஒரு கப் தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்த ஊர் கப்?" என்பார். அமெரிக்காக்காரன் கப் 240 மில்லி. நம் கடையில் விற்பது 250 மில்லி. அதில் தண்ணீர் பிடித்தால் 250 கிராம், தேன் பிடித்தால் 355 கிராம். "ஏன்னு கேளுங்க" என்பார். ஒருவரும் கேட்க மாட்டோம். அவரே சொல்வார்: தேனின் அடர்த்தி 1.42.

பினாங்கு கெலுகோரில் அடுக்குமாடிக்கு ஒரு மாமா இப்படி உண்டு. வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் பக்கம் நடந்துவிட்டு வருவதாலேயே பாதிப் பேராசிரியர் ஆகிவிட்டவர். பினாங்குப் பாலத்து நெரிசலுக்கும் கணக்கு வைத்திருக்கிறார், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு அத்தை பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருந்தார். தேன் பாட்டிலைச் சாய்த்தாரோ இல்லையோ, "நிறுத்து!" சட்டைப்பையில் இருந்து டிஜிட்டல் தராசு வெளியே வந்தது. வெறுங்கரண்டியை நிறுத்தார். தேனோடு நிறுத்தார். தேனைக் கவிழ்த்துவிட்டு, பிசுபிசுத்த கரண்டியை மறுபடியும் நிறுத்தார்.

"மேசைக்கரண்டிக்கு 15 மில்லி, அதாவது 21 கிராம். இதுல நாலு கிராம் கரண்டியிலேயே ஒட்டிக்கிச்சு. சட்டிக்குப் போனது 17தான்!"

"அந்த நாலு கிராமை முருகன் கேட்டாரா?" என்றார் அத்தை.

மாமா அசரவில்லை. கரண்டியில் நெய் தடவச் சொன்னார். தடவியதும் தேன் சொட்டு மிச்சமில்லாமல் வழுக்கி விழுந்தது. அந்த வெற்றியில், ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லி என்று அடுத்த பாடத்தைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கெலுலூட் தேன் கொண்டுவந்து நீட்டினார். கொடுக்கில்லாத தேனீயின் தேன். புளிப்பு, தண்ணீரும் அதிகம். 1.42 அதற்குச் செல்லாது. மாமா முகம் வாடியதைப் பார்க்க எங்களுக்கே பாவமாகிவிட்டது. பிறகு அளவுக்கோப்பை கேட்டார், பாவம் பறந்துவிட்டது.

இத்தனை அமர்க்களத்திலும் வாழைப்பழத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "பத்துப் பழம்" என்றால் தலையாட்டுகிறார். பிசாங் மாஸா ராஸ்தாளியா, குட்டையா நெட்டையா, கேள்வியே கிடையாது. பேரீச்சம்பழம் கைப்பிடிக் கணக்கில் விழுகிறது. ஏலக்காய்க்கு எவரும் சாட்சி இல்லை.

கடைக்குப் போகும்போது மட்டும் அவர் துணை வேண்டும். ஒரே விலையில் இரண்டு பாட்டில். ஒன்றில் 500 கிராம், மற்றதில் 500 மில்லி. நாம் இரண்டும் ஒன்றென்று அழகான மூடியைப் பார்த்து எடுப்போம். மாமா கையைத் தட்டிவிடுவார். 500 மில்லி தேன் 710 கிராம். 500 கிராம் பாட்டிலில் 350 மில்லிதான் தேறும். அந்த ஒரு நிமிடம் அவரைக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் சமையலறை வேறு. ஒரு கரண்டியில் முடிகிற வேலைக்கு மூன்று கரண்டி, இரண்டு கிண்ணம், ஒரு கோப்பை, ஒரு தராசு. கணக்கு முடிந்ததும் மாமா கைகழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிசுக்குப் பிடித்த பாத்திரங்களை வெந்நீர் விட்டுத் தேய்ப்பது அத்தை. எத்தனை ஆகிறது என்று அதை மட்டும் அவர் இதுவரை எண்ணியதில்லை.