குரங்குக் குல்லா போட்ட மைக்

மார்கழி மாதத்தில் பறவைக் குரலைப் பதிவு செய்யக் கிளம்புகிறவனை ஊர்க் கோயில் ஒலிபெருக்கி சும்மா விடாது. இது எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆனைமலைப் பக்கம் அம்மிச்சியின் தோட்டத்து வீட்டில், விடிவதற்கு முன்பே தென்னைக்கடியில் மைக்கை நட்டுவிட்டு, மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் வந்து போட்டுக் கேட்டால், பிள்ளையார் பாட்டு, பால்காரர் வண்டி, போர் மோட்டார், மாமா மூன்று முறை தொண்டையைச் செருமியது, நடுவில் போனால் போகிறதென்று அரை விநாடி ஒரு குக்குறுவான்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் எங்கள் கோவை அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் நிற்கும் புங்கமரத்தில் பறவைகள் உட்கார்ந்து கார்கள்மேல் எச்சமிடுவதாகவும், மரத்தையே வெட்ட வேண்டுமென்றும் செயலாளருக்கு எழுத்து மூலம் புகார் போயிருந்தது. பறவைகளுக்கு நகல் அனுப்பவில்லை. பொங்கல் விழாவில் இருபது பறவைக் குரல்களை ஒலிபரப்பினால் மனம் இளகும், மனம் இளகினால் மரம் பிழைக்கும் என்பது என் கணக்கு.

எனக்கு முன்னால் இதே வேலையில் அவதிப்பட்டவர்களைப் பற்றிப் படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். 1924இல் இங்கிலாந்தில் சர்ரே பகுதித் தோட்டமொன்றில் பீட்ரிஸ் ஹாரிசன் என்ற இசைக்கலைஞர் செல்லோ வாசிக்க, கூடவே நைட்டிங்கேல் பாட, பிபிசி அதை நேரலையாக ஒலிபரப்பியது. பிறகு ஆண்டுதோறும் அந்தக் கச்சேரி நடந்தது. 1942 மே மாதம் அதே தோட்டத்தில் மைக் வைத்தபோது, ஜெர்மனியை நோக்கிக் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாகத் தலைக்கு மேலே போயின. நேரலையில் அந்த இரைச்சல் போனால் எதிரிக்கு நாமே தாக்கல் சொன்னதாகிவிடுமே என்று பொறியாளர் ஒலிபரப்பை வெட்டிவிட்டார். பதிவுத் தட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவில் இன்றும் விமானங்கள் உறுமுகின்றன. நைட்டிங்கேல் தன்பாட்டுக்குப் பாடுகிறது. அதைக் கேட்ட பிறகு மாமாவின் செருமலை மன்னித்துவிட்டேன்.

லுட்விக் கோக் கதை வேறு மாதிரி. 1889இல் ஜெர்மனியில், எட்டு வயதுப் பையனாக, அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் போனோகிராஃபில் ஒரு பறவையின் குரலை மெழுகு உருளையில் பிடித்தான். நமக்குத் தெரிந்த முதல் பறவைப் பதிவு அதுதான். பாடியது யார் தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிற சோலைபாடி. அதுவும் கூண்டில் இருந்தது. பாவம், அதனால் எழுந்து போக வழியில்லை. என் பறவைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நல்ல கருவி வாங்கக் காசு இல்லாததால், மொட்டைமாடியில் கிடந்த பழைய டிஷ் ஆன்டெனாவைக் கழற்றினேன். செயற்கைக்கோள் அலையைக் குவிக்கிற தட்டு ஒலியையும் குவிக்கும். கொம்பின் நுனியில் மைக்கைக் கட்டினால் போதும். ஆனால் அது ஆள் பார்த்துத்தான் வேலை செய்யும். தட்டின் அகலத்தைவிட நீளமான ஒலியலை அதற்குப் பிடிபடாது. 60 செ.மீ. தட்டென்றால் ஏறத்தாழ 570 ஹெர்ட்சுக்கு மேலே பாடுகிறவர்களுக்குத்தான் மரியாதை. செம்போத்தின் அடித்தொண்டை முனகல் வந்த வழியே போய்விடும். சிட்டுகளின் கீச்சொலி காதருகில் வந்து நிற்கும்.

காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்கு மயிரடர்ந்த உறை ஒன்று போடுவார்கள். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் ‘செத்த பூனை’. எனக்குக் கிடைத்தது மாமாவின் குரங்குக் குல்லா.

“ஏஞ்சாமி, கேபிள்காரனாயிட்டயா? குல்லாயக் கம்பிக்குப் போட்டுப்போட்டு நீ பனியில நிக்கற” என்றார் அம்மிச்சி.

ஒரு நாள் டாப்சிலிப் போனேன். இருபதே நிமிடத்தில் ஐந்து பறவைகள்! நோட்டில் பெயர்களை எழுதி அடிக்கோடும் இட்டுவிட்டேன். கூட வந்த வனக்காவலர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, “சார், அந்த அஞ்சும் ஒண்ணுதானுங்க” என்று கிளையைக் காட்டினார். வாலில் இரண்டு துடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும் பலகுரல் மன்னன் அது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இதை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள்: அபாயம் வந்தால் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலிலேயே அது கத்துமாம். என்னைப் பார்த்து எந்த ரகத்தில் கத்தியதோ தெரியவில்லை.

போகிக்கு இரண்டு நாள் முன்பு அம்மிச்சி வருத்தத்தோடு சொன்னார்: “இப்பெல்லாம் எங்க கண்ணு தேன்சிட்டு? ஆறேழு வருசமாச் சத்தமே இல்ல. அத்தனையும் செத்துப்போச்சாட்ட இருக்குது.” செல்போன் டவர்மேல் பழி போட்டார். நானும் உடனே தலையாட்டினேன். கெட்ட செய்தி என்றால் இயற்கை ஆர்வலன் சாட்சி கேட்பதில்லை.

ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே திண்ணைக்கு மேலே ஒன்று கீச்சிட்டது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அம்மிச்சி நிமிரக்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. வயதாக ஆகக் காது முதலில் கைவிடுவது உச்ச சுருதியைத்தான். அம்மிச்சிக்கு எண்பத்து நான்கு. சிட்டு எங்கும் போகவில்லை. பாத்திரம் விழுந்தால் கேட்கிறது, மாமா செருமினால் கேட்கிறது, சிட்டு மட்டும் கேட்கவில்லை.

அதன் கூடு மீட்டர்பெட்டி ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்கும் வைத்துக் கட்டிய பை, வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம்கூட உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது ஒட்டடை. போகிக்கு அடிக்க வேண்டிய ஒட்டடைக் கணக்கில் அம்மிச்சி அதையும் சேர்த்து, குச்சியைத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தார்.

பத்தடி தள்ளி டிஷ்ஷைத் திருப்பி வைத்தேன். ஹெட்போனை அம்மிச்சியின் கொண்டைக்கு மேலே மாட்டி, ஒலியைக் கூட்டினேன். சிட்டு வந்தது. அம்மிச்சியின் கை அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

“அட, இது நம்மூட்டுச் சிட்டுடா!”

சிட்டு போயிற்று. தென்னையில் இருந்த காக்கைகளும் போயின. எருமை எழுந்து நின்றது. சற்று நேரத்தில் சிட்டு கூட்டுக்குத் திரும்பியபோது, ஒட்டடைக் குச்சி கொல்லைப்புறம் போயிருந்தது. மீட்டர்பெட்டிப் பக்கம் கையை நீட்டக் கூடாது என்று மாமாவுக்கு உத்தரவும் ஆகியிருந்தது.

அந்தப் பதிவில் பதினோரு விநாடி தேன்சிட்டு, பன்னிரண்டாவதில் அம்மிச்சி. பொங்கல் விழாவில் முதலில் அதைத்தான் போட்டேன். பிள்ளைகள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். புகார் எழுதியவரும் கேட்டார். சிட்டுக்கா, அம்மிச்சிக்கா என்று நான் விசாரிக்கவில்லை.