கரும்பில் முளைத்த காடு

லெகோவில் முதன்முதலாக இயற்கைக் காட்சி கட்டுகிறவருக்கு ஆசை அடங்காது. மரம், அருவி, பாலம், மான் என்று ஒரு மலைவாசஸ்தலத்தையே 16 குமிழ் அகலப் பலகையில், அதாவது 12.8 சென்டிமீட்டரில், குடியேற்றிவிடுவார். ஒரு பாறை, ஒரு குட்டை போதும் சாமி! பாறைக்குச் சாம்பல் நிறச் சரிவுக் கட்டைகளைத் திசைக்கொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். வரிசையாக அடுக்கினால் அது காம்பவுண்டுச் சுவர். பூ கிடைக்கவில்லையா? 2021-இல் வந்த போன்சாய் மரத்தில் கம்பெனியே பூவுக்குப் பதிலாக இளஞ்சிவப்புத் தவளைகளைத்தான் கிளை கிளையாக உட்கார வைத்தது. இலைத் துண்டுகள் பலவும் 2018 முதல் கரும்பிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். அசல் தாவரம் என்றே சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். அவ்வப்போது பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.