லிட்டில் டிம் போட்ட சட்டம்

ஊரில் புகையைக் குறைக்க ஒரு நகரசபை என்ன செய்யும்? யார் அதிகம் ஊதுகிறார்களோ, அவர்களை முதலில் பிடிக்கும். 1908-ல் நியூயார்க் நகரசபையும் அப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். அதிகம் ஊதியவர்கள் ஆண்கள். தடை விழுந்தது பெண்கள்மேல்!

ஐடியா திமோத்தி சல்லிவனுடையது. செல்லப்பெயர் 'லிட்டில் டிம்'. நம்மூர்க் கணக்கில் வார்டு கவுன்சிலர். இதே பேரில் அவருக்கு ஒரு உறவுக்காரர் உண்டு. அரசியலில் பெரும்புள்ளி, 'பிக் டிம்'. சொந்தத்திலேயே ஒரு பிக் இருந்தால் லிட்டிலுக்கு மனசு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? தன் பேரும் பேப்பரில் வரட்டுமே என்று நினைத்திருப்பார், பாவம். வந்தது.

ஹோட்டல், ரெஸ்டாரன்ட் மாதிரியான பொது இடங்களில் பெண்கள் புகைக்க முதலாளிகள் அனுமதிக்கக் கூடாது என்றது சட்டம். நுரையீரல் கெட்டுவிடும் என்ற அக்கறையா? அட, நீங்கள் வேறு! கௌரவம் கெட்டுவிடுமாம். பெண்களுக்கு அப்போது அங்கே ஓட்டு கிடையாது. கவுன்சிலர்களுக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று இப்போது புரிகிறதா?

சட்டம் நிறைவேறி ஓரிரு நாள்தான். பவுரி தெருவில் கேட்டி மல்காஹி என்ற பெண் ஒரு வீட்டுச் சுவரில் தீக்குச்சியை உரசி சிகரெட்டைப் பற்றவைத்தார். போலீஸ்காரர் வந்தார். உனக்கு இருக்கிற உரிமை எனக்கும் உண்டு, எந்த ஆம்பளையும் எனக்கு உத்தரவு போட முடியாது என்ற ரீதியில் கேட்டி ஒரு பிடி பிடித்தார். கோர்ட்டில் 5 டாலர் அபராதம். கட்டவில்லை. உள்ளே போட்டார்கள்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால்தான் வேடிக்கை. அதில் முதலாளிக்குத்தான் கட்டுப்பாடு. புகைக்கிற பெண்ணுக்குத் தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை! கேட்டி வெளியே வந்தார். இரண்டு வாரத்தில் மேயர் மெக்லெல்லன் வீட்டோ போட்டார். லிட்டில் டிம்மின் சட்டம் அத்தோடு காலி.

இருபத்தொரு வருஷம் கழித்து, 1929 ஈஸ்டர் அன்று, அதே ஊரின் ஐந்தாவது அவென்யூவில் பெண்கள் சிகரெட்டோடு கம்பீரமாக நடந்தார்கள். 'சுதந்திரச் சுடர்' என்று விளம்பரம் வேறு. ஆகா, பெண் விடுதலை என்று ஊரே வாய்பிளந்தது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்கிற பி.ஆர். ஆசாமி. பில் கட்டியது சிகரெட் கம்பெனி.

பார்களில்கூட யாருமே ஊதக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் அமலுக்கு வந்தது 2003-ல்தான். இந்த முறை மேயர் வீட்டோ போடவில்லை. கொண்டு வந்ததே மேயர் ப்ளூம்பெர்க்தான். அவரும் ஒரு காலத்தில் ஊதித் தள்ளியவர்.