கடலுக்குப் பயந்த வீடு

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்த நகரத்தார், கடல் பயம் தீராமல்தான் செட்டிநாட்டு வீடுகளைத் தரையிலிருந்து அத்தனை உயர்த்திக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. வானம் பார்த்த பூமிக்குக் கடல் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். கடல் வரவில்லை; பேரன்தான் அதைத் தேடிப் போகிறான்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் பூட்டிக் கிடக்க, பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் அலுத்துப்போய், தொண்டிக் கடற்கரையில் நைலான் கூடாரம் அடிக்கிறான். தனுஷ்கோடி மணல் மேட்டில் படுக்கவும் ஆசை. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம் அது. இருட்டும் முன்னே போலீஸ் கிளப்பிவிடும்.

இதற்கு ‘கேம்பிங்’ என்று பெயராம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிவரை வெறுங்காலில் நடந்து, கண்ட தோப்பில் முந்தானையை விரித்துப் படுத்த ஆச்சிக்கு இது புரியவில்லை. “காசு குடுத்தா மண்ணுல படுக்கிறீக?” என்கிறார்.

நடக்கவும் வெளியில் படுக்கவும் ஆசைப்படும் தம்பிகளே, தை மாதம் காவடிகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். கூடார வாடகை கிடையாது; வழியெல்லாம் சோறு உண்டு.