நம்ம பசங்க ஒன்பது பேர்

ஒரு அணிக்கு விசிறியாக இருப்பவன் வீட்டில் நர்ஸ் இருக்கக் கூடாது. இருந்தே தீருவாள் என்றால், அது கொரோனாக் காலமாக இருக்கக் கூடாது. எனக்கு எல்லாமே சேர்ந்து வாய்த்தது.

நான் டப்ளின்காரன். அதாவது, சொந்த ஊர் திருச்சி. மனைவிக்கு அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது பெட்டி தூக்கிக்கொண்டு கூடவே வந்தவன். வந்த புதிதில் எனக்கு இங்கே தெரிந்த விளையாட்டு ஒன்றுதான்: மழை விடும் நேரம் பார்த்துத் துணி காயப்போடுவது. அதிலும் பெரும்பாலும் தோல்விதான். பிறகு பையன் பள்ளிக்கூடத்தில் கேலிக் ஃபுட்பால் கற்றுக்கொண்டான். சனிக்கிழமை காலையில் அவனைக் கிளப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கம்பளிக் குல்லாவுக்குள் நடுங்கியபடி நிற்க ஆரம்பித்தவன், எப்போது 'நம்ம டீம்' என்று சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது பாதத்தில் தட்டித் திரும்பக் கையில் வாங்க வேண்டும். வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட். குறுக்குக் கட்டைக்கு மேலே போனால், அன்றைய விதிப்படி, ஒரு பாயிண்ட். நம் ஊரில் பந்து மேலே போனால் தலையில் கை வைப்போம், இங்கே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஸ்கோரை 2-14 என்று போடுவார்கள். முதல் எண்ணை மூன்றால் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். நான் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த பாயிண்ட் விழுந்துவிடும்.

இதில் என்னை வாய் பிளக்க வைத்த விஷயம் வேறு. மாவட்ட அணிகள் மோதும் இறுதி ஆட்டத்துக்கு டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் கூடுவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊரே பெயர் சொல்லிக் கத்திய ஆள், மறுநாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். "நிஜமாகவே ஒன்றும் தர மாட்டார்களா?" என்று வலப்பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பேசாமல் அவர் சம்பளத்தையே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்தப் பெரியவர் மூன்று தலைமுறை டப்ளின். இடப்பக்கத்து வீட்டுக்காரர் மேற்கே மேயோ மாவட்டத்தில் பிறந்தவர். மேயோ கடைசியாகக் கோப்பை வாங்கியது 1951-ல். அதன்பிறகு 2013, 2016, 2017 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் டப்ளினிடம் தோற்றது, மூன்றிலும் ஒரே ஒரு பாயிண்டில். இந்த இரண்டு வேலிகளுக்கும் நடுவில் குடியிருப்பவனுக்கு ராஜதந்திரம் தானாக வந்துவிடும். எனக்கு வரவில்லை.

2020 டிசம்பர் 19-ல் மறுபடியும் டப்ளினும் மேயோவும். மைதானத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. டப்ளின் ஜெயித்தால் தொடர்ந்து ஆறாவது கோப்பை. நான் ஜெர்சியெல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். "காபி கலந்துட்டு உட்காருங்க" என்று உத்தரவு வந்தது. டிகாக்‌ஷனை ஊற்றினேன். உள்ளே பையன் அலறினான். ஆட்டம் தொடங்கி 13 நொடிக்குள் டீன் ராக் கோல் போட்டுவிட்டார். அயர்லாந்து இறுதி ஆட்ட வரலாற்றிலேயே அவ்வளவு வேகமான கோல் கிடையாது. அதை நேரலையில் பார்க்காத டப்ளின் விசிறி நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். காபியிலும் சர்க்கரை இல்லை என்றார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்தது, வந்தது வினை. 2021 ஜனவரியில் உலகத்திலேயே மக்கள்தொகைக்கு மிக அதிகமாகத் தொற்று பரவும் நாடு என்ற பெயரை அயர்லாந்து சில நாள் வாங்கியது. லெவல் 5 கட்டுப்பாடு. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் காரணமில்லாமல் போனால் 100 யூரோ அபராதம். சாவுக்குப் பத்துப் பேர்தான். மனைவி டூட்டி முடிந்து வந்தால் மூக்கின் மேல் மாஸ்க் பதிந்த கோடு மாலை வரை மறையாது. ஷூவைக் கழற்றுவதற்குள் மாடிப்படியிலேயே தூங்கிவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் கார்க் அணி மாட்டியது. பயிற்சிக்குத் தடை இருந்த ஜனவரி 2-ம் தேதி யூகல் கடற்கரையில் கூடியிருக்கிறார்கள். மேனேஜருக்கு 12 வாரம் தடை. அடுத்து டவுன் மாவட்டம், அங்கேயும் மேனேஜருக்குத் தடை. நான் சாப்பாட்டு மேஜையில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "நாடே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கு, இவங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? தடை போதாது, போட்டியை விட்டே தூக்கணும்!" பையன் தலையாட்டினான். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "பரவாயில்லையே" என்று கூடுதலாக ஒரு அப்பளம் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் கருத்துக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம் அது.

(அதே வாரத்தில் கறிவேப்பிலை வாங்கப் போன என்னைச் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். இந்தியக் கடை 5 கிலோமீட்டரைத் தாண்டி இருந்தது. "அத்தியாவசியப் பொருளா?" என்றார் போலீஸ்காரர். இது இல்லாமல் ரசம் தாளிக்க முடியாது என்று விளக்கினேன். அவர் ஒரு இலையை முகர்ந்து பார்த்து, சிரித்து, போகச் சொன்னார். இது கார்க் அணி விவகாரத்தோடு எந்த வகையிலும் ஒப்பிடத் தக்கதல்ல என்று நான் அன்று மூன்று பேரிடம் சொன்னேன். மூவருமே என் குடும்பத்தார்தான். மூன்றாவது என் அம்மா, வீடியோ காலில்.)

மார்ச் 30-ம் தேதி பிரதமர் மைக்கேல் மார்ட்டின் டி.வி.யில் வந்தார். மாவட்ட அணிகள் ஏப்ரல் 19 முதல் பயிற்சி செய்யலாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 26 முதல் என்றார். பையன் அன்றே பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தான். இன்னும் நாலு வாரம் இருக்கிறது என்றால் கேட்கவில்லை.

ஏப்ரல் 1-ம் தேதி காலை. இடப்பக்கத்து வேலிக்கு மேல் ஒரு செய்தித்தாள் எழும்பியது. பின்னாலேயே மேயோக்காரரின் முகம். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. முதல்நாள் விடிகாலையில், வடக்கு டப்ளினில் இன்னிஸ்ஃபெயில்ஸ் கிளப் மைதானத்தில், டப்ளின் அணி வீரர்கள் ஒன்பது பேர் பயிற்சி செய்துகொண்டிருந்த படம். அறிவிப்பு வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. நான் தேதியைப் பார்த்துவிட்டு, "ஏப்ரல் ஃபூல்தானே?" என்றேன். "அப்படித்தான் ஆகியிருக்கிறீர்கள்" என்றார்.

உள்ளே வந்தேன். மனைவி நைட் டூட்டி முடித்து வந்து, செல்போனில் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் நான் ஆரம்பித்தேன். அங்கேதான் கெட்டது.

"வெட்டவெளியிலதானே ஆடினாங்க?"

"கார்க் பசங்க என்ன கல்யாண மண்டபத்துலயா ஆடினாங்க? கடற்கரைங்க அது."

"முழு டீம்கூட இல்லை, ஒன்பதே பேர்."

"ஒன்பது பேர்னா ஒன்பது வீடு."

"அதான் 19-ம் தேதிலேருந்து செய்யலாம்னு அறிவிச்சாச்சே!"

"ரிட்டையர்மெண்ட் வயசையும்தான் அறிவிச்சாச்சு. நாளையிலேருந்து நான் டூட்டிக்குப் போகலை, சரியா?"

நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அன்று டப்ளின் விசிறிகள் பாதிப் பேர் கையில் இருந்த அதே அஸ்திரம்தான். "எல்லா மாவட்டத்திலயும் திருட்டுத்தனமா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. மாட்டினது நம்ம பசங்க."

"நம்ம பசங்களா?" என்றாள். "ஜனவரியில 'இவங்களுக்கு என்ன கொம்பா'ன்னு கேட்டீங்க. இப்ப நம்ம பசங்க. மருமக உடைச்சா பொன்சட்டி, மாமியார் உடைச்சா மண்சட்டி. என் அப்பளத்தைத் திருப்பிக் குடுங்க."

பையனாவது என் கட்சிக்கு வருவான் என்று பார்த்தேன். அவன் சுவரில் ஒட்டியிருந்த அணிப் படத்தின் முன்னால் நின்று, படத்தில் இருந்தவர்களைச் செய்தித்தாள் முகங்களோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இவங்க செஞ்சது தப்பா?"

"அது வந்து கண்ணா, சூழ்நிலையைப் பார்க்கணும்..."

"கார்க் செஞ்சப்போ ஒரே வார்த்தையில 'ஆமா'ன்னீங்க."

"..."

"அப்போ நானும் நாளைக்கு கிரவுண்டுக்குப் போகலாமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்த ஒரே பதிலை அவன் அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

ஊரில் கேட்ட பேச்செல்லாம் ரகத்துக்கு ஒன்று. படம் எடுத்தவனைத் திட்டினவர்கள் உண்டு. சம்பளமில்லாமல் ஊருக்காக ஆடுகிறவர்களைக் குற்றவாளி மாதிரி நடத்தலாமா என்று உருகினவர்கள் உண்டு. சம்பளம் வாங்குகிற கால்பந்துக்காரர்கள் மட்டும் ஆடவில்லையா என்றார்கள். அது நியாயமான கேள்விதான். நான்கூட அதை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மேயோக்காரர் கேட்டதுதான் சுருக்கமானது: "ஆறு வருஷமாக முதல் ரேங்க் வாங்குகிறவனுக்குத் திருட்டு டியூஷன் எதற்கு?"

வலப்பக்கத்துப் பெரியவர் வேறு ரகம். அவர்தானே நிஜமான டப்ளின், அவர் துணைக்கு வருவார் என்று வேலியோரம் போய் என் வாதங்களை வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. பிப்ரவரியில் அவருடைய அக்கா இறந்துபோனார். பத்துப் பேர் கணக்கில் பிள்ளைகளும் பேரன்களும் போக, தம்பிக்கு இடமில்லை. தேவாலயப் பூசையை இவர் தன் வீட்டுச் சமையலறையில் லேப்டாப்பில் பார்த்தார். "மூன்று வாரம் பொறுத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். புதிதாக மதம் மாறினவனுக்குத்தான் பக்தி அதிகம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

டப்ளின் வாரியம் மன்னிப்புக் கேட்டது. மேனேஜர் டெஸ்ஸி ஃபாரலுக்கு 12 வாரம் தடை. பயிற்சி செய்தது வீரர்கள், தண்டனை மேனேஜருக்கு! இந்த நீதி எனக்குப் புதிதில்லை. பையன் பந்தடித்து எதிர்வீட்டுப் பூந்தொட்டியை உடைத்தாலும் விசாரணைக்கு நிற்பவன் நான்தான். அதே மாதம் மோனஹன் மேனேஜரும் 12 வாரம் வாங்கினார். "பாத்தியா, எல்லாரும்தான் செய்யறாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று ஓடினேன். "எல்லாரும் செஞ்சா எல்லாருக்கும் தடை. சரியாத்தானே நடக்குது?" என்று அவள் ஐ.வி. ஊசி போடுகிற நிதானத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

தண்டனையின் இன்னொரு பகுதி, சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஒரு லீக் ஆட்டம் பறிபோனது. மே மாதம் கெர்ரி மாவட்டத்தோடு ஆட வேண்டிய ஆட்டத்தைத் தொலைவில் தர்லஸ் ஊரில் ஆடினார்கள். டப்ளின் 1-18, கெர்ரி 4-9. நான் கெர்ரிதான் ஜெயித்தது என்று துக்கம் அனுஷ்டிக்க ஆரம்பித்தேன். இரண்டும் 21, டிரா என்று பையன் பெருக்கிச் சொன்னான்.

ஆகஸ்ட் 14-ல் அரையிறுதி. டப்ளினுக்கு எதிரே யார்? மேயோவேதான். சாம்பியன்ஷிப்பில் 2014-க்குப் பிறகு டப்ளின் தோற்றதே இல்லை, 45 ஆட்டங்கள். அன்று கூடுதல் நேரத்தில் தோற்றது, 0-17-க்கு 0-14. பெருக்க வேண்டிய அவசியம்கூட இல்லாத தோல்வி. இதில் நான் எதிர்பார்க்காதது, கடைசிப் பத்து நிமிடம் சோபாவின் மேல் ஏறி நின்று "ஓடுடா! உதைடா!" என்று தமிழில் கத்தியது என் மனைவி. அந்த ஒன்பது பேரில் யாராவது ஆடினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவள் முகம் இல்லை. ரெஃப்ரி சரியில்லை என்று ராத்திரி படுக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேயோக்காரர் அன்று வேலிக்கு மேல் ஒரு பாட்டிலை நீட்டினார். செப்டம்பரில் இறுதி ஆட்டத்தில் டைரோன் மாவட்டத்திடம் அவர் அணி தோற்றது. ஸ்கோர் 2-14-க்கு 0-15. அதற்கு முந்தைய டிசம்பரில் டப்ளினிடம் தோற்றதும் அச்சு மாறாமல் அதே 2-14-க்கு 0-15. நான் ஆறுதல் சொல்லப் போனேன். கூட்டல் தப்பாக வந்து, ஒரு பாயிண்டில் போச்சே என்று வருத்தப்பட்டுத் தொலைத்தேன். அது ஐந்து பாயிண்ட். இப்போது இடப்பக்கத்து வேலியில் வெறும் வணக்கம் மட்டும்தான்.

நீங்கள் டப்ளின் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். கறிவேப்பிலை போட்ட ரசம் உண்டு, ஆட்டம் இருந்தால் பார்க்கலாம். அந்த ஒன்பது பேரைப் பற்றி என்னிடம் விவாதிக்க ஆசையிருந்தால் மட்டும், அவளுக்கு டூட்டி உள்ள நாளாகப் பார்த்து, முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.