சிப்பா, மின்கலமா?

கேள்வி: அடுத்து வரப்போகும் கையடக்க கேம் கருவியில் என்ன சிப், எத்தனை ஜிபி என்று நண்பர்கள் ஓயாமல் யூகிக்கிறார்கள். தங்கள் அனுமானம் என்ன?
– ஒரு வாசகர், வெள்ளிமலை

பதில்: சிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மின்கலத்தை முதலில் விசாரியுங்கள். 1989-இல் வர்ணமே இல்லாமல், நான்கே சாயல் காட்டும் 160க்கு 144 புள்ளித் திரையோடும் நான்கு பென்சில் பேட்டரிகளோடும் ஜப்பானில் அவதரித்த நிண்டெண்டோ கேம் பாய், மறுவருஷம் வர்ணத் திரையும் ஆறு பேட்டரிகளுமாக வந்த சேகாவின் கேம் கியரை விற்பனையில் வெகுதூரம் பின்தள்ளியது. மலிந்து பழகிப்போன பாகங்களிலிருந்தே புது விநோதங்களைச் சிருஷ்டிக்கலாம் என்ற அதன் கர்த்தா கம்பெய் யோகோயின் சித்தாந்தத்தை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

2025 ஜூனில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்கு 7.9 அங்குலத் திரை, 256 ஜிபி சேமிப்பு. மின்கலமோ, விளையாட்டுக்குத் தக்கபடி 2 முதல் 6.5 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயப்பாளையம் கடந்து, கல்வராயன் மலையின் வளைவுகளில் கட்டைவிரல் பொத்தானை விட்டு வழுக்க, ஜன்னல் வெயில் திரையை மறைக்க, பிரகாசத்தைக் கூட்டக் கூட்ட மின்கலம் கரைவதைக் கண்டவர்க்கு ஜிபி கணக்கில் மனம் செல்லாது. வெயிலில் தெரியும் திரையும், வெள்ளிமலையில் இறங்கிய பின்னும் ஓர் ஆட்டத்துக்கு மிச்சமிருக்கும் சக்தியுமே என் எதிர்பார்ப்பு.